641 ஒளிந்திருந்த எண்

4294967297.

கோடி, லட்சம் போட்டுப் படித்தால் நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. மொத்தம் பத்தே இலக்கம். அரசு வரவு செலவுத் திட்டத்தில் இதைவிடப் பெரிய தொகைகள் பக்கத்துக்குப் பக்கம் வரும். ஆனாலும் எண் கோட்பாட்டை நேசிக்கிறவர்களிடம் பெரிய எண் ஒன்றைச் சொல்லச் சொன்னால், பலர் வாயில் முதலில் வருவது இதுவாகத்தான் இருக்கும். இந்த அத்தியாயம் முழுக்க இந்த ஒரே எண்ணைப் பற்றித்தான்.

எண்ணின் பிறப்பு எளிது. 2-ஐ முப்பத்திரண்டு தடவை எழுதிப் பெருக்கி, விடையோடு 1 கூட்ட வேண்டும்: 2³² + 1. 1640-ல் பிரான்ஸின் துலூஸ் நகரத்தில் நீதிமன்றப் பணியில் இருந்தபடி, ஓய்வு நேரத்தில் கணிதம் செய்துவந்த பியேர் தெ ஃபெர்மா இந்த வகை எண்களின் மீது கண் வைத்தார். 2-ன் அடுக்கு எந்த எண்ணானாலும் சரி என்று அவர் விட்டுவிடவில்லை. அடுக்கே 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டு போக வேண்டும். அப்படிச் செய்து 1 கூட்டினால் கிடைப்பவை 3, 5, 17, 257, 65537, அப்புறம் நம்முடைய 4294967297. இவற்றை 0-இலிருந்து எண்ணுவது வழக்கம். ஆகவே 3 என்பது 0-ஆம் ஃபெர்மா எண். நம் எண் 5-ஆம் ஃபெர்மா எண்.

முதல் ஐந்தும் பகா எண்கள். தன்னையும் 1-ஐயும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாதவை. இந்த வரிசை எவ்வளவு தூரம் போனாலும் பகா எண்களே வரும் என்று ஃபெர்மா நம்பினார். நிரூபணம் கைவசம் இல்லை என்று ஒப்புக்கொண்டே, பல கடிதங்களில் திரும்பத் திரும்ப எழுதினார். பகா எண்களை மட்டும் தருகிற ஒரு சூத்திரம் கையில் கிடைத்தால் எந்தக் கணித அறிஞருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

4294967297 பகா எண்தானா என்று பார்ப்பதற்கு நேரான வழி ஒன்று இருக்கிறது. அதன் வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி வரும். பகு எண்ணாக இருந்தால் அதற்குள் ஒரு பகாக் காரணி இருந்தே தீர வேண்டும். 65536-க்குக் கீழே 6542 பகா எண்கள் உள்ளன. ஒவ்வொன்றாக எடுத்து, பத்து இலக்க எண்ணை வகுத்து, மீதி பார்க்க வேண்டும். தாளும் பேனாவும் மட்டுமே இருந்த காலத்தில் இது மாதக்கணக்கான வேலை. யாரும் இறங்கவில்லை.

1729 டிசம்பர் 1 அன்று, மாஸ்கோவில் இருந்த கணித அறிஞர் கிறிஸ்டியன் கோல்ட்பாக், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் வேலை பார்த்த 22 வயது லெயோனார்ட் ஆய்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். முடிவில் ஒரு பின்குறிப்பு: ஃபெர்மாவின் இந்த எண்களெல்லாம் பகா எண்கள் என்ற கூற்று உங்களுக்குத் தெரியுமா, இதை யாரும் நிரூபித்ததாக எனக்குத் தெரியவில்லை என்று. ஆய்லர் முதலில் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கோல்ட்பாக் விடாமல் கேட்டார். அந்த வற்புறுத்தல்தான் ஆய்லரை ஃபெர்மாவின் எழுத்துகள் பக்கம் திருப்பியது. எண் கோட்பாடு என்ற துறை ஐரோப்பாவில் மறுபடி உயிர்பெற்றதற்கு இந்தப் பின்குறிப்புக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

1732-ல் ஆய்லர் கழகத்தின் முன் வைத்த சிறிய கட்டுரையில் விடை வந்தது:

4294967297 = 641 × 6700417.

92 ஆண்டு நம்பிக்கை ஒரு வரியில் முடிந்தது. எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை அந்தக் கட்டுரை சொல்லவில்லை. 1747-ல் எழுதிய இன்னொரு கட்டுரையில்தான் வழியைத் திறந்து காட்டினார். அந்த வழிதான் இந்த எண்ணின் உண்மையான செல்வம். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

17-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2-ன் அடுக்குகளை வரிசையாக 17-ஆல் வகுத்து மீதிகளை எழுதினால் 2, 4, 8, 16, 15, 13, 9, 1 என்று வரும். அடுத்தது மறுபடி 2. கோயில் பிராகாரத்தைச் சுற்றுவது போல மீதிகள் எட்டு அடி நடந்து 1-க்கு வந்து சேர்ந்து, அடுத்த சுற்றைத் தொடங்குகின்றன. வகுக்கும் எண் 2 அல்லாத பகா எண்ணாக இருந்தால் இந்தச் சுற்றின் நீளம் எப்போதும் அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைந்ததை மீதியின்றி வகுக்கும். 17-க்குச் சுற்று 8. அது 16-ஐ வகுக்கிறது. 7-க்கு மீதிகள் 2, 4, 1, சுற்று 3, அது 6-ஐ வகுக்கிறது. இந்த விதியைக் கண்டவரும் ஃபெர்மாவே. அதையும் 1640-ல்தான் எழுதினார்.

இனி நம் எண்ணுக்கு வருவோம். அதை ஏதோ ஒரு பகா எண் மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகா எண்ணை ‘ப’ என்போம். 2³² + 1 என்பது ப-ஆல் மீதியின்றி வகுபடுகிறது என்றால், 2³² மட்டும் தரும் மீதி −1 ஆகும்; அதாவது ப-வுக்கு ஒன்று குறைவு. அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴ தரும் மீதி 1. ஆக 64-ஆம் அடியில் மீதி 1-க்கு வந்து நிற்கிறது. சுற்று அதற்கு முன்பே முடிந்திருக்குமா? 64-ஐ வகுக்கும் நீளங்களான 1, 2, 4, 8, 16, 32 இவற்றில் ஒன்றில் முடிந்திருந்தால், 32-ஆம் அடியிலும் மீதி 1-ஆகவே இருந்திருக்கும். அங்கே −1 அல்லவா நிற்கிறது! ஆகவே சுற்றின் நீளம் சரியாக 64. அப்படியானால் ப − 1 என்பது 64-ன் மடங்கு.

இது தரும் பலனைப் பாருங்கள். 4294967297-ன் பகாக் காரணிகள் எல்லாமே 64-ன் மடங்கோடு 1 கூட்டிய எண்கள். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று எழுதிக்கொண்டு போகலாம். இவற்றில் 65, 129, 321, 385, 513 ஆகியவை பகு எண்கள், தள்ளிவிடலாம். மிஞ்சுவது 193, 257, 449, 577, 641. நான்கு வகுத்தல்கள் தோற்கும், ஐந்தாவது வெல்லும். 6542 வகுத்தல்கள் ஐந்தாகக் குறைந்துவிட்டன. 1878-ல் பிரெஞ்சுக்காரரான எட்வார் லூகா இதை இன்னும் இறுக்கினார்: 64 போதாது, 128-ன் மடங்கோடு 1 கூட்டிய எண்ணாக இருக்க வேண்டும் என்று காட்டினார். அப்போது 641 வரைக்கும் வருகிற பகா எண்கள் 257, 641 இரண்டே. 257-ம் ஒரு ஃபெர்மா எண். இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி கிடையாது என்பதால் அதையும் தள்ளிவிடலாம். முதல் வகுத்தலிலேயே வேலை முடிந்தது.

அந்த வகுத்தலையும் பத்து இலக்கத்தோடு மல்லுக்கட்டாமல் செய்யலாம். 2¹⁶ என்பது 65536. அதில் 641 × 102 = 65382-ஐக் கழித்தால் மீதி 154. 2³²-க்குப் போக இந்த 154-ஐ வர்க்கப்படுத்தினால் போதும்: 23716. அதில் 641 × 36 = 23076-ஐக் கழித்தால் 640. ஆக 2³² தரும் மீதி 640. அதோடு 1 கூட்டினால் 641, மீதி பூஜ்யம். பத்தாம் வகுப்பு மாணவர் இரண்டு நிமிடத்தில் நோட்டில் செய்துவிடுவார்.

எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொரு வழி. 641-ஐ 5 × 128 + 1 என்றும் எழுதலாம், 625 + 16 என்றும் எழுதலாம். முதல் வடிவம் சொல்வது: 5 × 2⁷ தரும் மீதி −1. அதன் நான்காம் அடுக்கை எடுத்தால் 5⁴ × 2²⁸ தரும் மீதி 1. இரண்டாம் வடிவம் சொல்வது: 5⁴-க்கும் −2⁴-க்கும் மீதியில் வித்தியாசம் கிடையாது. மாற்றிப் போட்டால் −2³² தரும் மீதி 1. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும். வகுத்தலே செய்யாமல் முடிந்தது. இந்த நான்கு வரிக்குள் இருக்கும் அழகு என்னை இன்னும் விடவில்லை.

நம் எண்ணின் வேறொரு முகமும் உண்டு. அது இரண்டு வர்க்கங்களின் கூட்டல்: 65536² + 1². பிறவியிலேயே அப்படி. ஆனால் 62264² + 20449² என்று கூட்டிப் பாருங்கள். அதுவும் 4294967297 தான். ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமானால் ஒரே வழியில்தான் முடியும். இங்கே இரண்டு வழி இருக்கிறது. அப்போதே இது பகு எண் என்று தெரிந்துவிடுகிறது. இரண்டு வழி ஏன் வந்தது? 641 = 25² + 4². 6700417 = 2556² + 409². இந்த நான்கு எண்களையும் குறுக்காகப் பெருக்கினால் 25 × 2556 + 4 × 409 = 65536; 25 × 409 − 4 × 2556 = 1. முதல் ஜோடி வந்துவிட்டது. கூட்டலைக் கழித்தலாகவும் கழித்தலைக் கூட்டலாகவும் மாற்றினால் 62264, 20449 என்ற இரண்டாம் ஜோடி வருகிறது. 2-ன் அடுக்கிலிருந்து பிறந்த 65536-க்குள்ளே 25-ம் 4-ம் 2556-ம் 409-ம் இப்படிக் கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்திருப்பதை ஒருமுறையாவது கையால் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

இத்தனையும் தெரிந்த பிறகு ஒரு கேள்வி உறுத்தும். 641-ஐ ஃபெர்மா எப்படித் தவறவிட்டார்? இதே 1640-ல் 2³⁷ − 1 என்ற எண்ணை அவர் உடைத்திருக்கிறார். அது இன்னும் பெரிய எண், பன்னிரண்டு இலக்கம். அதன் காரணிகள் 74-ன் மடங்கோடு 1 கூட்டியவையாகத்தான் இருக்கும் என்று கண்டு, 149-ஐ வகுத்துப் பார்த்துத் தள்ளி, அடுத்ததான 223-ஐப் பிடித்துவிட்டார். அதே கருவியை 2³² + 1 மீது வைத்திருந்தால் ஐந்தாவது முயற்சியில் 641 சிக்கியிருக்கும். கணக்குப் போடுகையில் எங்கோ கை தவறியிருக்கலாம்; அல்லது நம்பிக்கை முந்திக்கொண்டிருக்கலாம். எதுவாயினும், பூட்டையும் சாவியையும் ஒரே ஆண்டில் செய்தவர் பூட்டைத் திறந்து பார்க்கவில்லை.

இந்த எண் ஏமாற்றுவதற்கும் தோதானது. ஒரு எண் பகா எண்ணா என்று சந்தேகம் வந்தால், 2-ன் அடுக்கை அந்த எண்ணில் ஒன்று குறைவாக வைத்து, அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது ஒரு விரைவுச் சோதனை. 1 வராவிட்டால் நிச்சயம் பகு எண். 4294967297-க்கு 1 வந்துவிடுகிறது! காரணம் மேலே பார்த்ததுதான்: சுற்றின் நீளம் 64, ஒன்று குறைந்த எண்ணோ 2³², அது 64-ன் மடங்கு. எல்லா ஃபெர்மா எண்களும் இந்தச் சோதனையில் தேறிவிடும். 2-க்குப் பதிலாக 3-ஐ வைத்தால் சாயம் வெளுக்கும். 1877-ல் பெபான் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அதை முழுமையான சோதனையாக்கினார். நம் எண்ணுக்கு அது இப்படி: 3-ஐ எடுத்து 31 தடவை தொடர்ந்து வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு தடவையும் 4294967297-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பகா எண்ணாக இருந்தால் கடைசியில் 4294967296 நிற்கும். நிற்பது 10324303. இந்தச் சோதனைக்கு 641 தேவையில்லை. அது 641-ஐக் காட்டிக் கொடுக்கவும் செய்யாது. எண் உடையும் என்பது தெரியும், எங்கே உடையும் என்பது தெரியாது. பகு எண் என்று அறிவதும் காரணியை அறிவதும் வெவ்வேறு வேலைகள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண்ணை நான் பார்த்ததில்லை.

வழியே தெரியாமல் விடை சொன்ன ஒருவனும் உண்டு. ஜெரா கோல்பர்ன் என்ற அமெரிக்கச் சிறுவனை அவன் தந்தை ஊர் ஊராக அழைத்துப்போய் மனக்கணக்குக் காட்சிகள் நடத்தினார். 1812-ல் லண்டனில், எட்டு வயதில், அவனிடம் 4294967297 கொடுக்கப்பட்டது. 641 என்று மனக்கணக்கிலேயே சொன்னான். எப்படிச் சொன்னாய் என்று கேட்டால் அவனால் விளக்க முடியவில்லை.

எண்ணின் பக்கத்து வீட்டுக்காரரையும் அறிமுகப்படுத்த வேண்டும். 4294967297-இல் 2-ஐக் கழித்தால் 4294967295. அது 3 × 5 × 17 × 257 × 65537. முந்தைய ஐந்து ஃபெர்மா எண்களின் பெருக்கல், அவ்வளவுதான். எந்த ஃபெர்மா எண்ணை எடுத்தாலும் அதற்கு முந்தையவற்றையெல்லாம் பெருக்கி 2 கூட்டினால் அது கிடைக்கும். இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி இல்லை என்று சற்றுமுன் சொன்னதன் காரணமும் இதுதான். சதுரங்கப் பலகையின் கட்டங்களில் நெல்லை இரட்டித்துக்கொண்டே போகும் கதையில், பாதிப் பலகை நிறையும்போது சேரும் மணிகளும் இதே 4294967295.

இந்தப் பக்கத்து எண்ணுக்கு வடிவியலில் ஒரு தனி இடம் இருக்கிறது. 1796-ல், 19 வயதுகூட நிறையாத ஜெர்மானியக் கணித அறிஞர் காஸ், அளவுகோலையும் கவராயத்தையும் மட்டும் வைத்து 17 பக்க ஒழுங்குப் பலகோணம் வரைய முடியும் என்று காட்டினார். கிரேக்கர் காலத்துக்குப் பிறகு அப்படி ஒரு முன்னேற்றம் நடந்ததில்லை. பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்கும்போது மட்டுமே வரையலாம். 1837-ல் கணித அறிஞர் வான்ட்செல், அப்படி இல்லாவிட்டால் வரைய முடியாது என்ற மறுபாதியையும் நிரூபித்தார். நமக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்து. அவற்றைத் தனியாகவும் சேர்த்தும் பெருக்கினால் 31 பலகோணங்கள் கிடைக்கும். அவற்றில் மிகப் பெரியது 4294967295 பக்கம் கொண்டது. 641 குறுக்கே வராமல் இருந்திருந்தால் பட்டியல் 63 ஆகியிருக்கும். யோஹான் ஹெர்மெஸ் என்பவர் 65537 பக்கப் பலகோணத்தின் கணக்குக்குப் பத்து ஆண்டுகள் செலவிட்டார். அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

4294967295-க்கும் 4294967297-க்கும் நடுவில் நிற்கும் 4294967296 கணினிக்காரர்களுக்கு நெருங்கிய பழக்கம். 32 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் மொத்தம் இவ்வளவு. ஐபி முகவரிகளின் நான்காம் பதிப்பில் மொத்த முகவரிகளும் இவ்வளவே. உலக அளவிலான இருப்பு 2011 பிப்ரவரியில் பகிர்ந்து தீர்ந்தது. 32 பிட் இடத்தில் 4294967297-ஐ வைக்கப் போனால் மேலே உள்ள பிட் உதிர்ந்து, 1 மட்டும் மிஞ்சும். தம்பி எண்ணான 65537-ஓ நம் கைப்பேசிகளில் தினமும் உழைக்கிறது: இணையத்தில் பாதுகாப்பாகச் செய்தி அனுப்ப உதவும் ஆர்எஸ்ஏ முறையில் பொதுத் திறவுகோலின் அடுக்காக வழக்கமாக வைப்பது அதைத்தான். இரும எண்ணாக எழுதினால் அதில் இரண்டே ஒன்றுகள் இருப்பதால் கணக்கு வேகமாக முடியும்.

4294967297 உடைந்த பிறகு ஃபெர்மா வரிசைக்கு என்ன ஆயிற்று? 6-ஆம் ஃபெர்மா எண்ணை 1880-ல், தன் 82-ஆவது வயதில், லாந்திரி என்ற பிரெஞ்சுக்காரர் உடைத்தார். அதன் சிறிய காரணி 274177. 256-ன் 1071 மடங்கோடு ஒன்று. 7-ஆம் எண்ணுக்கு 1970 வரை, கணினி வரும்வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. 155 இலக்கமுள்ள 9-ஆம் எண் 1990-ல் உடைந்தபோது உலகம் முழுக்கச் சுமார் 700 கணினிகள் அதற்காக ஓடின. 12-ஆம் எண்ணின் ஆறு பகாக் காரணிகள் கிடைத்துவிட்டன. மிச்சமிருக்கும் துண்டும் பகு எண்தான் என்று தெரியும், இன்னும் உடையவில்லை. 24-ஆம் எண் 50 லட்சம் இலக்கத்தைத் தாண்டியது. 1999-ல் பெபான் சோதனையில் அது பகு எண் என்று உறுதியானது. அதன் ஒரு காரணிகூட இன்னும் யார் கையிலும் சிக்கவில்லை.

5-இலிருந்து 32 வரை எல்லாமே பகு எண்கள். 65537-க்கு அப்பால் ஒரு ஃபெர்மா பகா எண்கூட இதுவரை கிடைக்கவில்லை. இனி கிடைக்கவே கிடைக்காது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. ஃபெர்மாவின் நம்பிக்கை அவர் நினைத்ததற்கு நேர் எதிர்ப் பக்கம் சாய்ந்து நிற்கிறது.

நிலை தெரியாத முதல் எண் 33-ஆவது. அதற்கு 258 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். பெபான் சோதனை செய்ய வேண்டுமென்றால் அவ்வளவு நீளமுள்ள எண்ணை 858 கோடிக்கும் அதிகமான தடவை வர்க்கப்படுத்த வேண்டும். இன்றைய இயந்திரங்களுக்கும் அது எட்டாத வேலை. ஆகவே தேடுகிறவர்கள் ஆய்லரும் லூகாவும் காட்டிய வழியிலேயே போகிறார்கள். 33-ஆம் எண்ணுக்குக் காரணி இருந்தால் அது 3435 கோடியே 97 லட்சத்து 38 ஆயிரத்து 368-ன் ஏதோ ஒரு மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும். அந்த மடங்குகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்துக்கொண்டு, உலகின் பல மூலைகளில் ஆர்வலர்களின் கணினிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.